சாலை ஒன்று, தடம் பல!

காஞ்சீபுரம் பஸ் நிலையத்துக்கு ஒரு பாட்டி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

ஊர் வந்தவாசி. பேத்திக்குக் கல்யாணம். கூறைப்புடவை எடுக்க வந்தார். புடவை எடுத்தாயிற்று. காமாட்சி அம்மனையும் ஏகாம்பரநாதரையும் கும்பிட்டாயிற்று. வரதராஜப் பெருமாளையும் சேவித்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும்.

பெருமாள் கோவில் சின்ன காஞ்சீபுரத்தில் இருக்கிறது. எந்த பஸ் அங்கே போகும்? எங்கே நிற்க வேண்டும்? சாலைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

பாட்டியோடு வந்த பேரன் செல்போனை எடுக்கிறான். அதில் உள்ள ஊர்ப் படத்தைப் பார்க்கிறான்.

"இந்தப் பக்கந்தான் பாட்டி!" என்கிறான்.

பஸ் வருகிறது. இருவரும் ஏறிவிடுகிறார்கள். கண்டக்டர் டிக்கெட் கேட்கும்போதுதான் விஷயம் தெரிகிறது. பஸ் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கிறது!

பாட்டி இறங்குகிறார். கையில் புடவைப் பை. தலைக்கு மேலே வெயில். திரும்பி நடக்கிறார்.

பேரன் மேல் தப்பு இல்லை. கண்டக்டர் மேலும் தப்பு இல்லை. தப்பு படத்தில் இருந்தது. பஸ் போகும் தடத்தையும் திரும்பும் தடத்தையும் யாரோ ஒருவர் கலந்து எழுதிவிட்டார்.

யார் அந்த "யாரோ"?

அவர் உங்களைப் போல, என்னைப் போல ஒருவர்தான்!

எல்லாரும் எழுதும் படம்

இன்டர்நெட்டில் ஓர் உலகப் படம் இருக்கிறது. பெயர், "ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்". யாரும் பார்க்கலாம், யாரும் எழுதலாம் என்று திறந்து வைத்த தெருப்படம் அது.

2004-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இதைத் தொடங்கினார். அப்போது அந்த நாட்டில் நல்ல படம் வேண்டுமானால் நிறையப் பணம் கொடுக்க வேண்டும். "நம் தெருவை நாமே வரைந்தால் என்ன?" என்று நினைத்தார். சைக்கிளில் போனார். இடம் காட்டும் கருவியைக் கையோடு கொண்டுபோனார். போன வழி கோடாக விழுந்தது.

இன்று இந்தப் படத்தில் எழுதுவதற்காக ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் உலகம் முழுவதும் பெயர் பதிவு செய்திருக்கிறார்கள். பதிவு செய்தவர் எல்லாரும் எழுதுவதில்லை. ஆனாலும் எழுதுகிறவர்கள் ஏராளம். பெரும்பாலோர் கூலி வாங்காமலே எழுதுகிறார்கள்.

வழி எழுதி வைப்பது காஞ்சீபுரத்துக்குப் புதிது அல்ல. ஏறக்குறைய 640-ம் ஆண்டில் சீனத்து யாத்திரீகர் யுவான் சுவாங் இந்த நகரத்துக்கு வந்தார். ஓர் ஊரில் இருந்து அடுத்த ஊர் எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொண்டே அவர் பயணம் செய்தார். காஞ்சி நகரின் சுற்றளவையும் எழுதினார்.

பிறகு 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற ஆங்கில அதிகாரி நிலத்தை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் அளந்த பெரிய வேலைக்கு அதுவே தொடக்கம்.

அன்று யாத்திரீகர் எழுதினார். பிறகு அதிகாரிகள் எழுதினார்கள். இன்று பொதுமக்கள் எழுதுகிறார்கள்.

பலர் கூடி எழுதினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஆளுக்கு ஒரு விதமாக எழுதினால்? கல்யாண வீட்டுச் சமையல் கட்டில் பத்துப் பேர் சேர்ந்து உப்புப் போட்ட கதைதான்!

அதனால்தான் ஒழுங்கு வேண்டும்.

சாலை வேறு, தடம் வேறு

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. சாலை வேறு, தடம் வேறு.

காஞ்சீபுரத்துக் காந்தி ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டுக் கடைகள் நிறைந்த சாலை. அது ஒரே சாலைதான். ஆனால் அதன் மேல் எத்தனை விதமான பயணங்கள்! டவுன் பஸ் போகும். வெளியூர் பஸ் போகும். பள்ளிக்கூட வேன் போகும். வைகாசித் திருவிழாவில் கருட வாகனத்தில் பெருமாளும் எழுந்தருளுவார்.

ஐந்து பஸ் போகிறது என்பதற்காகச் சாலையை ஐந்து கோடாக வரையலாமா? கூடாது. சாலையை ஒரு தடவைதான் வரைய வேண்டும்.

அப்படியானால் பஸ் போகும் வழியை எப்படிக் காட்டுவது? அதற்கு ஒரு பட்டியல் எழுத வேண்டும்.

"இந்த எண் உள்ள பஸ், முதலில் இந்தச் சாலைத் துண்டு, அடுத்து இந்தத் துண்டு, அதற்கு அடுத்து இந்தத் துண்டு ஆகியவற்றின் வழியாகப் போகிறது" என்று வரிசையாகச் சொல்லும் பட்டியல். அதற்குப் பெயர்தான் தடம்.

இந்தப் படத்தில் மூன்று வகைச் சரக்குத்தான் உண்டு. ஒன்று புள்ளி. பஸ் நிறுத்தம், கிணறு, மரம் ஆகியவை புள்ளிகள். இரண்டாவது கோடு. சாலை, ஆறு, ரெயில் பாதை ஆகியவை கோடுகள். மூன்றாவது தொகுப்பு. புள்ளிகளையும் கோடுகளையும் சேர்த்துக் கட்டும் பட்டியல் அது. இந்தத் தொகுப்பு முறை 2007-ல் வந்தது. பஸ் தடம் என்பது ஒரு தொகுப்புத்தான்.

தறியில் ஒரு பாடம்

இது புரியவில்லையா? பிள்ளையார்பாளையத்துக்கு வாருங்கள். நெசவாளர்கள் நிறைந்த பகுதி. ஏதாவது ஒரு தறிக்கு மேலே அண்ணாந்து பாருங்கள்.

துளை போட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன அல்லவா? அதுதான் ஜக்கார்டு. 1804-ல் பிரான்ஸ் நாட்டில் ஜக்கார்டு என்பவர் செய்த முறை. அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

ஓர் அட்டை, ஓர் ஊடைக்கு உரியது. எந்த இழை மேலே எழும்ப வேண்டும் என்பதை அட்டையில் உள்ள துளை சொல்லும். அட்டைகளை வரிசை தவறாமல் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வரிசைப்படி அட்டை திரும்பினால் கரையில் அன்னம் வரும், மயில் வரும், மாங்காய் வரும்.

நடுவில் ஓர் அட்டை இடம் மாறிவிட்டால்? மயிலின் கழுத்தில் வாலின் இழை விழும்!

பஸ் தடமும் இப்படித்தான். சாலைத் துண்டுகள் வரிசையாக இருந்தால் பஸ் நேராகப் போகும். ஒரு துண்டு இடம் மாறினால், படத்தில் பஸ் ஒரு தெருவில் இருந்து மறைந்து இன்னொரு தெருவில் முளைக்கும். நிஜ பஸ் அப்படிப் போகுமா?

அறுந்த தடம்

பட்டியலை ஒருவர் சரியாக எழுதிவிட்டார். அத்தோடு கவலை தீர்ந்ததா? இல்லை. பிறகு வருகிறவர் அதை அறுத்துவிடலாம். வேண்டும் என்றே அல்ல, அறியாமல்!

காஞ்சீபுரத்தில் இருந்து வந்தவாசிக்குப் போகும் சாலை, செவிலிமேடு அருகே பாலாற்றைக் கடக்கிறது. அங்கே பாலம் இருக்கிறது. அதைப் படத்தில் பாலமாகக் காட்ட வேண்டும். என்ன செய்ய வேண்டும்? பாலம் தொடங்கும் இடத்தில் கோட்டை வெட்ட வேண்டும். முடியும் இடத்தில் மறுபடி வெட்ட வேண்டும். நடுத் துண்டில் "பாலம்" என்று எழுத வேண்டும்.

ஒரு சாலை இப்போது மூன்று துண்டு ஆயிற்று. மூன்றுமே பஸ் தடத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். படம் எழுதும் நல்ல கருவிகள், கோட்டை வெட்டும்போதே புதிய துண்டுகளைப் பட்டியலில் சேர்த்துவிடும்.

ஆனால் சிலர் என்ன செய்கிறார்கள்? பழைய கோடு வளைந்து இருக்கிறதே என்று அதை அடியோடு அழிக்கிறார்கள். பக்கத்தில் அழகாகப் புதுக் கோடு போடுகிறார்கள். கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் பழைய கோட்டின் மேல் எத்தனை தடம் ஓடியதோ, அத்தனையும் அந்த இடத்தில் அறுந்துவிடும். படத்தின்படி வந்தவாசி பஸ் பாலாற்றின் கரையிலேயே நின்றுவிடும்!

ஆகவே நினைவில் வையுங்கள். கோடு கோணலாக இருந்தால் நகர்த்துங்கள், நிமிர்த்துங்கள். அழித்து எழுதாதீர்கள். கருவி, "இந்தக் கோடு ஒரு தடத்தில் சேர்ந்தது" என்று எச்சரித்தால் நின்று யோசியுங்கள்.

நெசவாளர் ஓர் இழை அறுந்தால் பாவையே வெட்டி எறிவாரா? அறுந்த இடத்தைத் தேடி முடி போடுவார். அந்தப் பொறுமைதான் இங்கேயும் வேண்டும்.

போக ஒன்று, வர ஒன்று

நம் பாட்டி ஏமாந்தது எதனால்? போகும் தடமும் வரும் தடமும் கலந்ததால்.

ஊர் நடுவே ஒருவழித் தெரு இருந்தால், பஸ் போகும் தெரு ஒன்றாகவும் திரும்பும் தெரு வேறாகவும் இருக்கும். ஒரே தெருவாக இருந்தாலும் நிறுத்தம் எதிர் எதிரே இருக்கும். அதனால் போவதற்கு ஒரு பட்டியல், வருவதற்கு ஒரு பட்டியல் எழுத வேண்டும். இரண்டையும் ஒரு தாய்ப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தாய்ப் பட்டியலில் தட எண் இருக்கும். பிள்ளைப் பட்டியல்களில், எங்கே புறப்படுகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று இருக்கும்.

பஸ் நிறுத்தத்தைச் சாலையின் நடுவில் குறிக்கக் கூடாது. ஜனங்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்களோ, அந்தப் பக்கம் குறிக்க வேண்டும். பஸ் எந்த வரிசையில் நிற்கிறதோ, அதே வரிசையில் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு விவரத்துக்கும் தனிக் கட்டம் இருக்கிறது. தட எண்ணுக்கு ஒரு கட்டம். புறப்படும் ஊருக்கு ஒரு கட்டம். சேரும் ஊருக்கு ஒரு கட்டம். பஸ் விடுபவர் யார் என்பதற்கு ஒரு கட்டம். எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் திணித்தால் மனிதர் படித்துப் புரிந்துகொள்வார். கம்ப்யூட்டருக்குப் புரியாது.

தமிழ்ப் பெயருக்கும் தனிக் கட்டம் உண்டு. அதைக் காலியாக விடாதீர்கள். ஆங்கிலம் தெரியாத தாய்மாரும் பெரியவர்களும் நிறுத்தத்தின் பெயரைத் தமிழில் படிக்க வேண்டாமா?

எண் மாறினால் என்ன செய்வது?

காஞ்சீபுரத்துக்காரர்கள் சென்னை - பெங்களூரு சாலையைப் பல ஆண்டுகள் "4-ம் எண் நெடுஞ்சாலை" என்று சொன்னார்கள். 2010-ல் நாட்டின் நெடுஞ்சாலைகளுக்கு மத்திய அரசு புது எண் கொடுத்தது. இன்று அந்தச் சாலை 48-ம் எண்.

இந்த 48-ம் எண் சாலை எங்கே தொடங்குகிறது தெரியுமா? டெல்லியில்! ஜெய்ப்பூர், ஆமதாபாத், மும்பை, புனே, பெங்களூரு வழியாகச் சென்னைக்கு வருகிறது. காஞ்சிப் பட்டுக்கு ஜரிகை தரும் சூரத் நகரமும், பட்டு நூல் தரும் கர்நாடகமும் இதே வழியில்தான் இருக்கின்றன.

இவ்வளவு நீளமான சாலை, படத்தில் எத்தனையோ துண்டுகளாக இருக்கும். எண் மாறியதும் ஒவ்வொரு துண்டாகத் திருத்தினால், இரண்டு துண்டு விட்டுப்போகும். அங்கே மட்டும் பழைய எண் நிற்கும். "வேறு சாலையோ?" என்று லாரி டிரைவர் திகைப்பார். துண்டுகளை எல்லாம் சேர்த்த பட்டியல் ஒன்று இருந்தால், எது திருந்தியது, எது விட்டுப்போயிற்று என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

ஐரோப்பாவில் அட்லாண்டிக் கடற்கரையில் இருந்து கருங்கடல் வரை ஒரு சைக்கிள் தடம் இருக்கிறது. பத்து நாடுகள் வழியாகப் போகிறது. இவ்வளவு நீளத்தை ஒரே பட்டியலாக எழுதினால் யாரும் கட்டிக் காக்க முடியாது. பகுதி பகுதியாகப் பட்டியல் எழுதி, எல்லாவற்றையும் ஒரு பெரிய பட்டியலில் கோத்துவிட வேண்டும். அவரவர் பகுதியை அவரவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் தடம்

கருட சேவை அன்று காஞ்சீபுரத்தில் கூட்டம் அலைமோதும். பஸ்களை வேறு வழியாகத் திருப்பிவிடுவார்கள்.

அதைப் பார்த்துவிட்டு ஒருவர் படத்தில் தடத்தை மாற்றுகிறார். மறுநாள் பஸ் பழைய வழியிலேயே ஓடுகிறது. படம் மட்டும் மாறிய வழியைக் காட்டிக்கொண்டு இருக்கிறது!

ஒரு நாள் மாற்றத்தை நிரந்தரப் படத்தில் எழுதக் கூடாது. அது பத்திரிகையில் வர வேண்டிய செய்தி. படத்தில் வர வேண்டியது, நாளைக்கும் அடுத்த மாதமும் இருக்கப்போகும் வழி.

2019-ல் அத்திவரதர் தரிசனம் நடந்தது. ஜூலை 1-ந் தேதி முதல் ஆகஸ்டு 17-ந் தேதி வரை 48 நாட்கள். நாட்டின் பல பகுதிகளில் இருந்தும் பக்தர்கள் வந்து குவிந்தார்கள். தற்காலிக பஸ் நிலையங்கள் ஏற்பட்டன. அப்படிப்பட்ட நேரத்தில் புதிதாக வருகிறவருக்கு வழி சொல்லும் படம் பெரிய உதவி. ஆனால் அதைத் தனிப் படமாகப் போட வேண்டும். அத்திவரதர் 40 ஆண்டுக்கு ஒரு முறைதான் தரிசனம் தருகிறார். 48 நாள் வழியை நிரந்தரப் படத்தில் எழுதி, அழிக்க மறந்துவிட்டால், அடுத்த தரிசனம் வரை அது ஜனங்களை அலைக்கழிக்கும்!

வெள்ளம் சொன்ன பாடம்

"இவ்வளவு சிரமம் எதற்கு? வழி தெரியாவிட்டால் யாரையாவது கேட்டுக்கொள்ளலாமே" என்று சிலர் சொல்லலாம்.

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். பேய் மழை. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாற்றில் வெள்ளம் கரை புரண்டது. சென்னையில் தெருத் தெருவாகத் தண்ணீர். கேட்பதற்குத் தெருவில் ஆள் ஏது?

அந்த நேரத்தில் அருண் கணேஷ் என்ற படக் கலைஞரும் அவருடைய நண்பர்களும் ஒரு படத்தை இன்டர்நெட்டில் வைத்தார்கள். உங்கள் தெருவில் வெள்ளம் இருக்கிறதா? அந்தத் தெருவை விரலால் தொடுங்கள். நிறம் மாறும். அவ்வளவுதான். ஜனங்கள் ஆயிரக்கணக்கான தெருக்களைக் குறித்தார்கள். எந்த வழி அடைபட்டது என்பதைப் பார்த்தவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

அந்தப் படத்துக்கு அடித்தளம் எது? எல்லாரும் சேர்ந்து எழுதிய இதே திறந்த தெருப்படம்தான். வெள்ளம் வருவதற்கு முன்பே யாரோ பொறுமையாகத் தெருக்களை வரைந்து வைத்திருந்தார்கள். அதனால்தான் வெள்ளத்தில் அது உதவியது. வெள்ளம் வந்த பிறகு உட்கார்ந்து தெரு வரைய முடியுமா?

கண்ணால் கண்டதை எழுதுங்கள்

படம் எழுதுகிறவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு.

மற்றக் கம்பெனிகளின் படத்தைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது. அது திருட்டு. அதில் உள்ள பிழையும் கூடவே வந்துவிடும். நேரில் போய்ப் பாருங்கள். பலகையில் உள்ளதை எழுதுங்கள்.

வீடுகளில் குடியிருப்பவர் பெயரை எழுதக் கூடாது. தெருவின் பெயர் போதும்.

என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி குறிப்பு எழுத வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் பதிவாகிறது. தப்பு நேர்ந்தால் பழைய நிலைக்குத் திருப்ப முடியும். குறிப்பு இருந்தால்தான் அடுத்தவருக்கு உங்கள் எண்ணம் புரியும்.

மற்றவர் எழுதியது தப்பு என்று தோன்றினால், உடனே மாற்றாதீர்கள். அவரிடம் கேளுங்கள். அவர் நேற்று அந்தத் தெருவில் நடந்தவராக இருக்கலாம்!

இன்றைக்கே தொடங்கலாம்

குழந்தைகளை அழைத்துக்கொண்டு உங்கள் ஊர் டவுன் பஸ்சில் ஏறுங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

முதல் பக்கத்தில் தட எண்ணை எழுதச் சொல்லுங்கள். பஸ் நிற்கும் இடம் ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதட்டும். எந்தப் பக்கம் நின்றது என்பதையும் குறிக்கட்டும். திரும்பி வரும்போது புதுப் பக்கம் எடுங்கள். மறுபடியும் முதலில் இருந்து எழுதுங்கள். போன பக்கத்தைத் தலைகீழாகக் காப்பி அடிக்க வேண்டாம்!

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேற்றுமை தெரியும். பிறகு, செல்போனோ கம்ப்யூட்டரோ தெரிந்த பிள்ளை அதைப் படத்தில் ஏற்றட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டியும் நிறுத்தத்தின் பெயரைச் சரிபார்க்கலாம். ஊர்ப் பெயரை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் நிறைந்தால், ஊரில் ஒரு தடம் ஒழுங்காகும்.

அடுத்த முறை வந்தவாசிப் பாட்டி காஞ்சீபுரம் வரும்போது, சரியான பக்கத்தில் நிற்பார். சரியான பஸ்சில் ஏறுவார். பெருமாளைச் சேவித்துவிட்டு, பொழுது சாயும் முன் பாலாற்றைக் கடந்து வீடு போய்ச் சேருவார்.

பேத்தியின் கூறைப்புடவையும் பத்திரமாகப் போய்ச் சேரும்!